கனத்த கால்களோடு ஒரு ரேஸ் வார இறுதி

வெள்ளி இரவு

வந்து சேர்ந்துவிட்டோம். பின் சீட்டை மடக்கி, முன் வீல்களைக் கழற்றி, இரண்டு சைக்கிளையும் காருக்குள் படுக்க வைத்து ஐந்து மணி நேரப் பயணம். அறை இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பாதிப் படி ஏறும்போதே தொடை தன் நிலவரத்தைச் சொல்லிவிட்டது. கூட வந்திருக்கும் தம்பி எங்கள் குழுவிலேயே இளையவன். மேலே நின்று திரும்பிப் பார்த்து, "கால் எப்படிண்ணா இருக்கு?" என்றான்.

"கனமா இருக்குடா."

"எனக்கும் அப்படித்தான்."

இந்தக் கனம் நாங்கள் தெரிந்தே சுமந்து வந்தது. எங்களுக்கு முக்கியமான பந்தயம் அடுத்த மாதம்தான். அதற்கு முன்னால் என்றால் ஒரு வாரம், பத்து நாள் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு, காலைப் புதிதாக்கிக்கொண்டு போவோம். இந்த வார இறுதிக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. மூன்று வாரமாக ஏற்றிய சுமை அப்படியே காலில் இருக்கிறது. அதன் மேலேயே நாளை காலை ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு ஓட்டும் 16 கி.மீ. டைம் டிரையல், நாளை சாயங்காலம் சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கிரிட்டீரியம், ஞாயிற்றுக்கிழமை 92 கி.மீ. ரோடு ரேஸ். ஒவ்வொன்றிலும் முதல் பதினைந்து பேருக்குப் புள்ளி உண்டு, கூட்டிப் பார்த்து மொத்த வரிசை. களைத்த காலோடு பந்தயம் ஓட்டினால் என்ன நடக்கும் என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

'லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு' என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஒரு கடினமான ஓட்டத்தில் சேரும் லாக்டேட், ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிப்பதும் கனப்பதும் அதனால் இல்லை. தசை நாரில் விழுந்த நுண்ணிய சிதைவு ஒரு காரணம். முழுதாக நிரம்பாத கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, இன்னொன்று. தசையிலும் கல்லீரலிலுமாக உடம்பு சேர்த்து வைக்கும் கிளைக்கோஜன் மொத்தமே 400, 500 கிராம் அளவுதான். ஒன்றரை, இரண்டு மணி நேரம் முழு மூச்சில் ஓட்டினால் அது கரைந்துவிடும். திரும்ப நிரம்ப ஒரு நாள் பிடிக்கும்.

அறைக்கு வந்ததும் அரை மணி நேரம் சின்ன கியரில், கால் சும்மா சுற்றும்படி ஓட்டிவிட்டு வந்தோம். இடையில் பத்து விநாடி வேகம், அப்புறம் மெதுவாக, மறுபடி பத்து விநாடி. காரில் இறுகிய இடுப்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

ஜெர்சி முதுகில் போட்டி நம்பர் குத்துவது எனக்குப் பிடித்த வேலை. தாளை முதலில் உள்ளங்கையில் உருட்டிக் கசக்கி, பிறகு தொடையில் வைத்துத் தேய்த்து விரித்தால் அதன் விறைப்பு போய் முதுகோடு ஒட்டி நிற்கும். நாலு மூலைக்கு நாலு ஊக்கு போதும் என்பார்கள். நான் ஓரங்களின் நடுவிலும் ஒவ்வொன்று குத்துவேன். காற்றில் படபடக்கும் நம்பர் வேகத்தையும் தின்னும், பின்னால் வருகிறவனின் கவனத்தையும் கெடுக்கும். தம்பி என் முதுகிலும் நான் அவன் முதுகிலும் பொறுமையாகக் குத்திக்கொண்டோம்.

போனை இப்போதே அணைக்கப் போகிறேன். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவில் இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் மூளைக்கு அலுப்பூட்டும் வேலை கொடுத்துவிட்டு, பிறகு சைக்கிளில் ஒரே சுமையில் முடிகிற வரை மிதிக்கச் சொன்னார்கள். வழக்கத்தைவிடச் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ பெரிய மாற்றம் இல்லை. அதே வேலை கூடுதல் கஷ்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கால் ஏற்கெனவே களைத்திருக்கிறது, தலையையும் களைக்க விட வேண்டாம். நாளைக்கு வேண்டிய பாட்டில், ஜெல், பம்ப் எல்லாம் கதவோரம் வரிசையாக இருக்கின்றன.

சனி மதியம்

டைம் டிரையல் முடிந்தது. 24 நிமிடம் 38 விநாடி, பதினெட்டாவது இடம். புள்ளி இல்லை. ஆனாலும் மனதுக்கு நிறைவாக ஓட்டினேன்.

களைத்த காலுக்கு வார்ம் அப் நீளமாக வேண்டும். புதுக் காலுக்கு இருபது நிமிடம் போதுமென்றால் இன்று நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் பெடல் எனக்கு எதிராகவே சுற்றுவதுபோல் இருந்தது. அதை நம்பக் கூடாது. ரத்தம் ஓடி, தசை சூடேறி, நரம்பு விழித்துக்கொள்ள நேரம் பிடிக்கும். அதுவரை கால் சொல்வதைக் கேட்டு எந்த முடிவும் எடுப்பதில்லை என்பது இந்த வார இறுதிக்கு நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

இன்னொன்றும் கவனித்தேன். மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரில் வழக்கமான வாட்ஸ் வருகிறது, மூச்சும் வாங்குகிறது, இதயத் துடிப்பு மட்டும் வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கீழேயே நிற்கிறது. தொடர்ந்து சுமை ஏற்றிய உடம்பில் இப்படி ஆவதுண்டு. துடிப்பை நம்பி ஓட்டுகிறவர், 'இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது' என்று நினைத்து முதல் பாதியிலேயே எரிந்துபோவார். நான் துடிப்பைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டு வாட்ஸையும் மூச்சையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விடுகிறார்கள். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டு காலையும் பெடலில் மாட்டியபடி நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் அதிகாரி ஐந்து விரலையும் விரித்து ஒவ்வொன்றாக மடக்குகிறார். கடைசி விரல் மடங்கியதும் பிடி விடுகிறது. அந்த நொடியில் எல்லோருக்கும் கால் லேசாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது. அங்கே வேகத்தைப் பிடித்து வைத்ததுதான் இன்று நான் செய்த நல்ல காரியம்.

போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. எதிர்காற்றில்தான் அதிக நேரம் கழிகிறது, அதனால் சக்தியை அங்கே கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, திரும்பும்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மொத்த நேரம் குறையும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. மணிக்கு 35 கி.மீ.யிலிருந்து 40-க்குப் போக காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவதும் சைக்கிளில் இல்லை, ஓட்டுகிறவர் உடம்பில். கால் தராததைக் குனிந்த தலையும் ஒடுக்கிய தோளும் தரும். கடைசி நான்கு கிலோமீட்டர் முழுக்கத் தலையை இறக்கி வைப்பதில் மட்டும்தான் கவனம்.

வரிசையில் நிற்கும்போது தம்பிக்கு 1989 டூர் டி பிரான்ஸ் கதையைச் சொன்னேன். மூன்று வாரம், 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபின், கடைசி நாள் 24.5 கி.மீ. டைம் டிரையல். லோரோன் ஃபினியோன் 50 விநாடி முன்னிலை. சீட் உராய்ந்து புண்ணாகி, உட்காரவே முடியாத நிலையில் அவர் கிளம்பினார். கிரெக் லெமாண்ட் கையை நீட்டிக் குவித்து வைக்கும் ஏரோ பார் போட்டிருந்தார், ஃபினியோன் போடவில்லை. லெமாண்ட் மொத்தத்தில் 8 விநாடியில் வென்றார். டூர் வரலாற்றில் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை. "எட்டு விநாடியா!" என்று தம்பி வாய் பிளந்தான். ஏரோ பாரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு எப்போதும் அந்தப் புண்ணோடு கிளம்பியவரைத்தான் நினைவு வரும்.

கிரிட்டீரியத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. ஓட்டம் முடிந்த கையோடு சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் மணிக்கு மணி மாவுச்சத்து, முதல் நான்கு மணி நேரத்துக்கு. அப்போதுதான் கிளைக்கோஜன் வேகமாக நிரம்பும். இப்போது சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். தம்பி தூங்கிவிட்டான்.

சனி இரவு

ஒன்பதாவது! கை இன்னும் லேசாக நடுங்குகிறது.

சுற்று 1.4 கி.மீ., ஆறு திருப்பம். 40 நிமிடம் ஓட்டியபின் மூன்று லேப். கிரிட்டீரியத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரே வேகத்தில் ஓடும் கூட்டம்போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது நிற்காத ஸ்பிரின்ட். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் இருப்பவர் கொஞ்சம் வேகம் குறைத்துத் திரும்புகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் குறைக்கிறார், நாற்பதாவது ஆள் பிரேக் பிடித்து ஏறக்குறைய நின்றே விடுகிறார். அவர் திரும்பி முடிக்கும்போது முன்னணி வேகமெடுத்துப் போய்விட்டது. கூட்டம் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடுகிறது, கடைசியில் இருப்பவர்தான் அந்த இழுப்பு முழுவதையும் வாங்குகிறார். அதனால் கால் களைத்திருப்பவர்தான் முன்னால் இருக்க வேண்டும். 'கால் சரியில்லை, பின்னால் ஒதுங்கி ஓட்டலாம்' என்று போனால், புதுக் கால்கூட அங்கே தாங்காது.

பெடல் மாட்டியதும் நேராக முதல் பதினைந்து பேருக்குள் போய்விட வேண்டும் என்பது திட்டம். போனேன். முதல் ஐந்து லேப் நரகம். தொடை எரிகிறது, வாய் காய்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலிருந்து எழும்போதும் 'இந்த லேப்போடு இறங்கிவிடலாம்' என்று உள்ளே ஒரு குரல். காலையில் போட்ட சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இருபது நிமிடம் ஆகும் வரை முடிவு கிடையாது.

பதினேழாவது நிமிடமோ என்னவோ, எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் கால் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. எனக்கு முன்னால் ஒரு வெள்ளை ஜெர்சிக்காரர். பெடலை ஒரே சீராகச் சுற்றுகிறார், திருப்பத்துக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடுகிறார், உள்ளே பிரேக் தொடுவதே இல்லை. அவர் பின் வீல்தான் என் வீடு என்று முடிவு செய்தேன். நல்ல வீலுக்குப் பின்னால் ஒட்டினால் காற்று மறைந்து, முன்னால் இருப்பவர் செலவழிப்பதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மோசமான வீல் என்றால் அந்த மிச்சத்தையெல்லாம் வெட்டு வெட்டான பிரேக்கும் முடுக்கமும் தின்றுவிடும். திருப்பத்தில் வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி எடை முழுவதையும் அந்தப் பாதத்தில் போட்டு, உள்பக்கக் கையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பம் முடியும் இடத்தில் வைத்தால் டயர் தானாகவே வழி பிடிக்கிறது. அவர் முதுகைப் பார்த்தே அதை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

நடுவில் மணி அடித்தார்கள், அந்த லேப்பை முதலில் முடிப்பவருக்குத் தனிப் பரிசு. நாலு பேர் பாய்ந்தார்கள். நான் அசையவில்லை. பாட்டிலில் இருந்த இனிப்புக் கரைசலில் ஒரு மடக்கு எடுத்து வாயில் சுற்றிவிட்டு விழுங்கினேன். வயிறு அப்போது எதையும் பெரிதாக ஏற்கும் நிலையில் இல்லை. 2004-இல் வந்த ஓர் ஆய்வில், மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல் கொப்பளித்துத் துப்பியவர்களுக்கே ஒரு மணி நேர டைம் டிரையலில் ஏறக்குறைய 3 சதவீதம் முன்னேற்றம் வந்தது. வாயிலேயே மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. களைத்த நாளில் இந்தச் சின்ன உதவி பெரிதாகத் தெரிகிறது.

ஐந்தாவது திருப்பத்தில் பின்னால் சத்தம். வீலோடு வீல் உரசி இரண்டு பேர் விழுந்தார்கள். தார் ரோட்டில் கார்பன் தேயும் அந்தச் சத்தம் கேட்டால் வயிறு சுருங்கும். அவர்களுக்கு உரசல் காயத்தோடு போயிற்று. அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தம்பி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, பழுது பார்க்கும் பிட் இருக்கும் இடத்துக்குப் போனான். விபத்தில் சிக்கியவர்களுக்கு ஒரு லேப் விட்டுக்கொடுக்கும் விதி உண்டு. சங்கிலியைச் சரிபார்த்து, அடுத்த லேப்பில் அதே கூட்டத்தில் அவனை விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவன் தலை தெரிந்தது. பெரிய நிம்மதி.

இரண்டு லேப் பாக்கி இருக்கும்போது வெளிப்பக்கமாக ஏறி எட்டாவது ஆளாக நின்றேன். கடைசித் திருப்பத்துக்கும் கோட்டுக்கும் இடையே 200 மீட்டர்கூட இல்லை, அதனால் திருப்பத்தில் எந்த இடமோ ஏறக்குறைய அதுதான் முடிவு. எழுந்து மிதித்தேன். ஒருவரைத் தாண்டினேன், இரண்டு பேர் என்னைத் தாண்டினார்கள்.

மணி பதினொன்று ஆகிறது. உடம்பு ஓய்ந்துவிட்டது, நெஞ்சு இன்னும் லேப் சுற்றிக்கொண்டிருக்கிறது. கெண்டைக்கால் தானாகத் துடிக்கிறது. தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறேன்.

ஞாயிறு மாலை

காலையில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகத்தான் இறங்கினேன். தம்பியும் அதே மாதிரி. கீழே போனால், நேற்று கிரிட்டீரியம் ஓட்டிய இன்னும் சிலரும் வாசல் படியில் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் புதுக் கால் இல்லை. அதைப் பார்த்ததும் மனசு லேசானது.

23 கி.மீ. சுற்று, நான்கு முறை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம், 6 சதவீதச் சாய்வு. ஏற்றத்துக்கு அப்புறம் மரம் மட்டை இல்லாத திறந்தவெளி, பக்கக்காற்று.

முதல் அரை மணி நேரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாவது நிமிடத்திலேயே சாப்பிட ஆரம்பித்தேன், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது. மணிக்கு 80 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. பசி வரும்வரை காத்திருந்தால் களைத்த உடம்பில் அதற்குள் காலியாகிவிடும்.

ஏற்றத்துக்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. அடிவாரத்துக்கு வரும்போது கூட்டத்தின் முன் வரிசையில் இருக்க வேண்டும். ஏற ஆரம்பித்ததும் என் வேகத்தில் ஏற வேண்டும், தாண்டுகிறவர்கள் தாண்டட்டும். முப்பது பேர் தாண்டினாலும் உச்சியில் கூட்டத்தின் வாலில் இருப்பேன். பின்னாலிருந்து தொடங்கியவர் அதே வேகத்தில் ஏறினால் உச்சியில் தனியாக நிற்பார். வலுவாக ஏறும் காலுக்கு இது தேவையில்லை. எனக்கு இன்று இதுதான் உயிர்.

ஆனால் உச்சியில் வாலில் இருந்தால் உடனே பக்கக்காற்று. அங்கேதான் இந்த ரேஸே முடிவானது. காற்று பக்கவாட்டில் வரும்போது முன்னால் இருப்பவரின் நேர் பின்னால் காற்று மறையும் நிழல் கிடைக்காது, சாய்வாக, காற்று போகும் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒருவர் அப்படி ஒதுங்கினால் ஏழெட்டுப் பேரில் ரோட்டின் அகலம் தீர்ந்துவிடும். அடுத்த ஆள் ரோட்டோரத்தில், முழுக் காற்றில். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் அதே நிலை. முதல் சுற்றில் அந்த ஓரத்தில் மாட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தொங்கினேன். கண் முன்னால் இருக்கும் வீல் ஒரு சாண் விலகும், எட்டிப் பிடிப்பேன், மறுபடி விலகும். பின்னால் இருந்த ஒருவர், "நமக்கே ஒரு வரிசை போடுவோம்" என்று கத்தினார். ஆறு பேர் சேர்ந்து இரண்டாவது சாய்வு வரிசை அமைத்தோம். அவரவர் முறை வந்ததும் முன்னால் வந்து சில விநாடி இழுத்து, முழங்கையை ஆட்டி வழிவிட்டு ஒதுங்கினோம். அப்படித்தான் முன் கூட்டத்தைப் பிடித்தோம். யார் பெயரும் எனக்குத் தெரியாது. அந்த ஐந்து பேருக்கும் நன்றி.

அதில் ஒன்று நன்றாகத் தெரிந்தது. களைத்த கால் சீரான வேலையைத் தாங்குகிறது, வெட்டு வெட்டான பாய்ச்சலைத்தான் தாங்குவதில்லை. என் முறை வரும்போது வேகத்தைக் கூட்டவே இல்லை, வந்த வேகத்தை மட்டும் இருபது விநாடி காத்துவிட்டு விலகினேன். மூன்றாவது சுற்றில் நாலு பேர் பிரிந்து போனபோதும் பின்னால் ஓடவில்லை. நேற்றுப் பார்த்த வெள்ளை ஜெர்சிக்காரர் அதில் ஒருவர். அவர் போன விதம் அழகு. யாரும் எதிர்பார்க்காத ஒரு சாதாரண வளைவில், உட்கார்ந்தபடியே.

கடைசிச் சுற்றின் ஏற்றத்தில் வலது தொடையின் உட்பக்கம் பிடித்துக்கொண்டது. உப்புக் குறைவால்தான் பிடிக்கிறது என்பார்கள். தசை களைக்கும்போது அதை இயக்கும் நரம்புக் கட்டுப்பாடே குழம்புவதும் முக்கியக் காரணம், நீட்டி விட்டால் விடுபடுவது அதனால்தான். பெடலை நிறுத்தி, காலை நேராக்கி, குதிகாலைக் கீழே அழுத்தி வைத்தேன். தம்பி பக்கத்தில் வந்தான்.

"பிடிச்சுக்கிச்சாண்ணா?"

"விட்டுடும். நீ போ."

"உங்களோடயே வர்றேன்."

"டேய், கூட்டத்தை விடாத. மேல வந்து பிடிக்கிறேன்."

போனான். எனக்குக் கால் விட்டது. இறக்கத்தில் முழுக்கக் குனிந்து கூட்டத்தின் கடைசி ஆளைப் பிடித்தேன். ஸ்பிரின்ட் என் காலில் இல்லை என்பது தெளிவு, தம்பி காலில் கொஞ்சம் இருந்தது. இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவன் பக்கத்தில் போய், "என் வீலைப் பிடி" என்றேன். பக்கவாட்டில் அவனைக் கூட்டிக்கொண்டு முன்னால் ஏறி, ஐந்நூறு மீட்டர் பலகை வந்ததும் இருந்ததையெல்லாம் போட்டு இழுத்தேன். பாதித் தூரத்தில் முழங்கையை ஆட்டினேன். அவன் என்னைத் தாண்டும்போது அவன் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. பிறகு முதுகுகள்தான் தெரிந்தன.

ஆறாவது வந்தான்! பிரிந்துபோன நாலு பேர் வந்து முடித்தபின், கூட்டத்தில் இரண்டாவது ஆள். நான் இருபத்தொன்றாவது. கோட்டைத் தாண்டி நின்ற இடத்தில் சைக்கிள் மேலேயே சாய்ந்து அவன் சிரித்த சிரிப்பு, என் ஒன்பதாவது இடத்தைவிட எனக்குப் பெரிது.

மூன்றாவது சுற்றிலேயே கூட்டத்தை விட்டவர் ஒருவர் அரை மணி நேரம் கழித்துத் தனியாக வந்து முடித்தார். பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தவர்கள் நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். 40 கி.மீ.க்கு மேல் அந்தக் காற்றில் யார் நிழலும் இல்லாமல் ஓட்டியவர். முடிவுப் பட்டியலில் அவருக்கும் ஒரு வரி இருக்கிறது, இருக்க வேண்டும்.

திங்கள்

வீட்டுக்கு வந்து சேர நள்ளிரவு. சாயங்காலம் அரை மணி நேரம் ஓட்டினேன், மிதிக்கிற உணர்வே இல்லாத கியரில். வலி நாளைதான் உச்சத்துக்கு வரும், முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் பெரும்பாலும் அதிகம்.

சைக்கிளைக் கழுவும்போது முன் டயரில் ஒரு வெட்டு கண்ணில் பட்டது, கல்லோ கண்ணாடியோ. விரலால் பிதுக்கினால் உள்நூல் தெரிகிறது. எப்போது விழுந்ததோ, ஞாயிறு இறக்கத்தில் அது பிடித்து நின்றதற்கு நன்றி சொல்லிவிட்டுப் புது டயர் மாட்டிவிட்டேன். செயினும் நீண்டிருக்கிறது, தேய்வு அளவுகோலில் 0.5 சதவீதம் தாண்டிவிட்டது, அதையும் மாற்ற வேண்டும்.

இந்த வாரம் பெரும்பாலும் லேசான ஓட்டம்தான். வியாழன் வரை தீவிரமாக எதுவும் கிடையாது, சனிக்கிழமை ஏற்றத்தில் ஒரு நீண்ட பயிற்சி. தம்பியிடம் சொன்னேன். "அண்ணா, வியாழன்கூட வேண்டாமா?" என்கிறான். வேண்டாம்.

மொத்த வரிசையில் அவன் பதினொன்று, நான் பதினான்கு. அடுத்த மாதப் பந்தயத்துக்கு இரண்டு பேர் பெயரும் கொடுத்தாயிற்று.